மூன்று மணிக்கு மட்டும் வந்த பழுது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம் போன மாதம் கேட்டார்: "சார், உங்க சர்வீஸ்ல உங்களுக்கே தண்ணி காட்டுன பழுது எது?" நான் இடி விழுந்து ஸ்விட்ச்சுகள் எல்லாம் கருகிய கதையைச் சொன்னேன். அதில் நான் விடிவதற்குள் எல்லாவற்றையும் ஓட வைத்துவிடுவேன். நீங்களும் ரசித்துக் கேட்டீர்கள். எனக்கு நல்ல பெயர் வருகிற கதை அது. அதனால்தான் அதை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒப்பவில்லை. கேட்டவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதை எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய வீடு ஒன்றில் எங்கள் அலுவலகம் இருந்தது. பிரான்சில் அச்சாகும் பள்ளிப் புத்தகங்களுக்கு இங்கே பக்கம் அமைத்து, ப்ரூஃப் பார்த்து அனுப்புவோம். முதலாளி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர். அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வாட்ச்மேன் முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவர் 'முசே'தான், பிரெஞ்சில் 'ஐயா'.

மாடி ஹாலில் முப்பது பேர் ப்ரூஃப் பார்த்தார்கள். அவர்களுடைய கணினிகளில் டிஸ்க் கிடையாது; ஸ்விட்ச் போட்டால் நெட்வொர்க் வழியாக லினக்ஸை இழுத்துக்கொண்டு எழும். கீழே பக்கம் அமைப்பவர்களிடம் எட்டு மேக் கணினி. அலுவலக அறையில் விண்டோஸ். மூன்று சாதியும் ஒரே கேபிளில் குடித்தனம் செய்தன. அதற்கெல்லாம் பொறுப்பு நான். எம்.இ. படித்தவன், பதினோரு வருடம் கல்லூரியில் இதே பாடத்தை நடத்திவிட்டு வந்தவன். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

டிஸ்க் இல்லாத கணினி எப்படி எழும் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும், இந்தக் கதைக்குத் தேவைப்படுவதால் சொல்கிறேன். எழுந்ததும் அது நெட்வொர்க்கில் கூவும்: என் முகவரி என்ன, நான் எங்கே போய் என் கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்? சர்வர் பதில் சொல்லும். பதில் சொல்கிறவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். ஏனென்றால் கூவுகிற கணினிக்கு ஆள் அடையாளம் தெரியாது. முதலில் வந்த குரலை நம்பிப் போய்விடும்.

இன்னொரு விஷயம், மத்தியானம். ஒரு மணிக்குக் கடையடைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற ஊர் இது. எங்கள் அலுவலகமும் அப்படித்தான். ஒரு மணிக்கு வாட்ச்மேன் மெயின் ஸ்விட்ச்சை இறக்குவார். சர்வர் அறைக்கும் மேக்குகளுக்கும் மட்டும் தனி லைன். மூன்று மணிக்கு மெயினை ஏற்றுவார். மாடியில் முப்பது கணினியும் ஒரே நொடியில் தானாக எழும். மற்றவர்கள் மூன்று மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். நான் முத்தியால்பேட்டையில் வீட்டுக்குப் போய், மீன் குழம்பு சாப்பிட்டு, படுத்து எழுந்து, நான்கு மணிக்கு வருவேன். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மணி கேட்க முசேவுக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் உரிமையாக்கிக்கொண்டேன்.

ஏழுமலை எங்களுக்கு வயரிங் செய்பவர். முதலியார்பேட்டைப் பக்கம் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, மில் மூடியதும் எங்களிடம் வந்தவர். மூலக்குளத்தில் வீடு. நாற்பத்தெட்டு வயதில் நெட்வொர்க் கேபிள் போடக் கற்றுக்கொண்டார், நான் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து. ஒரு மாதத்தில் என்னைவிடச் சுத்தமாக, நுனியில் பிளக்கை நசுக்கி, முனை பிடித்தார். ஒவ்வொரு கேபிளின் இரண்டு நுனியிலும் காகிதத்துண்டில் எண் எழுதி டேப் ஒட்டுவார். மில்லில் அப்படித்தானாம். எந்த வயர் எந்த மோட்டாருக்கு என்று தெரியாமல் இழுத்தால் அங்கே விரல் போகும்.

அந்த வைகாசியில் மாடி ஹால் கேபிள்களை எலி கடித்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலை எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். வேலை முடிந்த அடுத்த நாள், திங்கட்கிழமை, மூன்று மணிக்கு மெயினை ஏற்றியதும் முப்பதில் ஐந்து கணினிகள் எழவில்லை. பாதியில் நின்றன. ப்ரூஃப் பார்ப்பவர்கள் அணைத்து அணைத்துப் போட்டார்கள். நான்கு மணிக்கு நான் வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன், வியாழன், அப்படியே. காலையில் ஒரு தொல்லையும் இல்லை.

செப்டம்பரில் அங்கே பள்ளிக்கூடம் திறக்கும். அதனால் வைகாசியிலும் ஆனியிலும் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பிரான்சிலிருந்து திருத்தங்கள் வருவதே நமக்கு மூன்று மணிக்கு. அங்கே அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் பதில் போயாக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு உயிர். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நான் வந்ததும் முசே மாடிக்கு வந்தார். எல்லோருக்கும் நடுவில் நின்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதுசா என்ன மாறுச்சு?"

"கேபிள்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. கேள்வி சரியான கேள்வி. பதில் பாதிப் பதில். அந்த வாரம் மாறியவை இரண்டு. முந்தைய வாரக் கடைசியில், நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் மென்பொருளுக்கு வந்திருந்த புதிய பதிப்பை முயன்று பார்ப்பதற்காக ஒரு பழைய கணினியை மாடிப்படிக்குக் கீழே காகிதம் வைக்கும் அலமாரியில் வைத்து, ஹால் நெட்வொர்க்கில் இணைத்திருந்தேன். முகவரி கொடுக்கும் வேலையை அதுவும் செய்தது. சோதனை முடிந்ததும் அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தேன். சோதனைக் கோப்பை அழித்தேன். மறுபடி தேவைப்படும் என்று கணினியை அங்கேயே விட்டுவிட்டேன். முசே கேட்டபோது அது என் நினைவில் இல்லவே இல்லை. அந்த நிமிடத்தில் நான் பொய் சொல்லவில்லை. என் கை செய்ததை மாற்றம் என்று கணக்கில் எடுக்காத பழக்கம் எனக்கு இருந்தது, அவ்வளவுதான். மற்றவர் செய்தது மாற்றம். நான் செய்தது வேலை.

ஏழுமலை ஏணி மேல் இருந்தார். இறங்கி வந்தார்.

"சார், கேபிள் கெட்டா கெட்ட எடத்துலயே கெட்டுக் கெடக்கும். நேத்து ஏழாம் சீட்டு நின்னுது. இன்னிக்கு ஏழு ஓடிச்சு, பத்தொம்போது நின்னுது. காலையில ஒண்ணும் இல்ல. என் கேபிள் மட்டும் மத்தியானம் சோறு துன்னுட்டுத் தூங்கப் போவுதா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கப் போகிறவர் அந்த அலுவலகத்தில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை; வாயில் வந்தது வந்துவிட்டது. ஆனால் எனக்குக் காது சுட்டது.

நான் பாடம் நடத்தினேன். வெயில் ஏறினால் செம்பின் மின்தடை ஏறும், முனையைச் சரியாகப் பிடிக்காத கேபிள் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும், சீட்டு மாறி மாறி வருவதற்கும் அதுவே காரணம் என்று. பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். நான் சொன்னதில் முதல் வரி இயற்பியல். மற்றது ஒரு படித்தவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற சத்தம். அவ்வளவு சின்னத் தடை மாற்றத்தில் கணினி நிற்காது என்பது என்னிடம் படித்த இரண்டாம் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும்.

"அப்டிங்களா சார்" என்றார் ஏழுமலை. மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

எங்களிடம் பராமரிப்பு நோட்டு ஒன்று உண்டு. பழுது, காரணம், கையெழுத்து. நான் எழுதினேன்: 'காரணம்: ஏழுமலை செய்த கேபிள் வேலை.' முசே பட்டாளத்துக்காரர். எழுத்தில் இருப்பது அவருக்கு நடந்தது மாதிரி. சனிக்கிழமையோடு ஏழுமலையை அனுப்பிவிட்டார்.

சாமான்களை எடுக்க மாடிக்கு வந்தவர் போகும்போது மதாமிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மதாம் எங்கள் ப்ரூஃப் ஹாலின் மூத்தவர். பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தவர். அறுபத்தேழு வயதிலும் ஒரு காற்புள்ளி அவர் கண்ணுக்குத் தப்பாது. ஏழுமலை அவரிடம் சொன்னது இதுதான்: "மதாம், மூணு மணிக்கு நிக்கிற மெஷின்ல இன்னா எழுதியிருக்குதோ அத அப்படியே எழுதி வைங்க. எனக்கு அது படிக்க வராது. உங்களுக்கு வரும்."

வெளியிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைத்தோம். அவர்கள் ஒரு வாரம் மாலை நேரங்களில் வேலை செய்து, ஏழுமலையின் கேபிள்களை உருவி, மறுபடியும் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க மூன்று மணிப் பழுது தொடர்ந்தது. 'வேலை முடியட்டும்' என்றேன். முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஆறு கணினிகள் நின்றன.

முசே என் வீட்டுக்கு போன் செய்தார். தூக்கத்தில் எடுத்தேன். "வாங்க" என்றார். ஒரே சொல்.

அந்தப் பழுது வரும் நேரத்தில் நான் அந்த ஹாலில் நின்றது அதுதான் முதல் தடவை. பழுது தொடங்கிப் பதினைந்தாம் நாள். இதை நீங்கள் இரண்டு முறை படித்தாலும் நல்லது.

மதாமின் கணினியும் நின்றிருந்தது. அவர் எழுந்திருக்காமல், தன் கயேயை என் பக்கம் திருப்பி வைத்தார். நோட்டை அவர் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தி. முதல் பத்தியில் சீட்டு எண்கள்: மூன்று, இருபத்திரண்டு, பதினொன்று, ஏழு, இருபத்தெட்டு. ஒரு நாள் போல் இன்னொரு நாள் இல்லை. இரண்டாம் பத்தியில், நின்ற கணினிக்கு முகவரி கொடுத்த சர்வர் யார் என்று திரையில் வரும் எண். ஏழு நாளும், எல்லாச் சீட்டிலும், ஒரே எண். அது முடிவது அறுபத்தொன்றில்.

எங்கள் சர்வரின் எண் பத்தில் முடியும்.

அறுபத்தொன்று எங்கள் வீட்டுக் கதவு எண். மறக்காமல் இருக்க வேண்டும் என்று நானே அலமாரிக் கணினிக்கு வைத்தது.

படி இறங்கினேன். அலமாரியைத் திறந்தேன். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். மேலே போய் ஆறு கணினிகளையும் அணைத்துப் போடச் சொன்னேன். ஆறும் எழுந்தன.

நடந்தது இவ்வளவுதான். சேவையை அன்றைக்கு மட்டும் நிறுத்தியிருந்தேன். கணினி எழும்போது தானும் எழக் கூடாது என்று அதற்குச் சொல்லவில்லை. அலமாரிக்குத் தனி லைன் கிடையாது. ஒரு மணிக்கு மெயின் இறங்கியதும் அது செத்தது. மூன்று மணிக்கு மெயின் ஏறியதும் தானாக எழுந்து, பழைய விசுவாசத்தில் முகவரி கொடுக்கத் தொடங்கியது. காலையில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஸ்விட்ச் போடுவார்கள். எங்கள் பெரிய சர்வர் சட்டென்று பதில் சொல்லிவிடும். மூன்று மணிக்கு முப்பதும் ஒரே குரலில் கூவும்போது பெரிய சர்வர் திணறும். பதில் கிடைக்காதவை மறுபடி கூவும்; அதற்குள் எழுந்து, வேலையில்லாமல் படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த கணினி முந்திக்கொள்ளும். நான் அழித்துவிட்ட கோப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஐந்தாறு பேரைத் தெருவில் விட்டுவிடும். மேக்குகள் அணைவதே இல்லை. விண்டோஸ் தன் டிஸ்க்கிலிருந்து எழும். அதனால் கீழே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஏழுமலை ஏணியிலிருந்து இறங்கி வந்து சொன்னது ஒவ்வொன்றும் சரி. சீட்டு மாறுகிறது, நேரம் மாறவில்லை, ஆகவே கேபிள் இல்லை. அதை நான் அந்த இடத்திலேயே கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

முசே மேலே வந்தார். "சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு முசே. கீழ ஒரு இணைப்பு சரியில்லாம இருந்துச்சு. எடுத்துட்டேன்."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. முதலில் 'கேபிள்' என்றபோது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் இந்தக் கதை.

முசே இறங்கிப் போனதும் மதாம் கேட்டார்: "தம்பி, இந்த அறுபத்தொண்ணு யாரு?"

"அது ஒண்ணும் இல்ல மதாம். நெட்வொர்க் சமாச்சாரம்."

"அப்படியா. ஏழு நாளா ஒரே ஆளு வந்து வாசல்ல நிக்கிறான். பேரு கேக்கக் கூடாதா?"

கயேயை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். முசேயிடம் போகவில்லை. அவர் போயிருந்தாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே நான்தான். அது அவருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு முன்பே அலுவலகத்தில் இருந்தேன். வெட்கத்துக்குக் கிடைத்த முதல் பலன் அது. மெயின் ஏறும், முப்பதும் எழும், மதாம் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வார்: "இன்னிக்கும் அறுபத்தொண்ணு வரல. ஊருக்குப் போயிட்டானா தம்பி?" பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு நாள், "உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றார். இன்னொரு நாள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார், அதுதான் தாங்கவில்லை. மூன்று வாரம் இப்படிப் போனது. மீன் குழம்பு வாயில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது. தூக்கம் மட்டும் வரவில்லை.

ஏழுமலை நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு மோட்டார்களுக்கு வயரிங் பார்க்கிறார், அதுவும் வழக்கமான ஆள் வராத நாளில் மட்டும், என்று வாட்ச்மேன் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். படகுக்கு நீண்ட வரிசை. துறையின் ஓரத்தில், ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் மரப்பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, சோதனை, நிறுத்தாமல் விட்டது, எண்.

"அறுபத்தொண்ணா?" என்றார், திருகைக் கழற்றியபடி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மதாம் போன்ல சொன்னாங்க. நம்பரு தெரியும். ஆளு யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு." திருகை ஒரு டப்பா மூடியில் போட்டார். "இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"மன்னிச்சிடுங்க ஏழுமலை."

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? கேபிள் இல்லன்னு எனக்கு மொதல் நாளே தெரியும். தெரியாதவங்க மாடியில முப்பது பேரு இருக்காங்க. அவங்க முன்னாலதான சொன்னீங்க."

"சொல்றேன். நாளைக்கே."

"நோட்டுல வேற எழுதிட்டீங்க. மூலக்குளத்துல எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஆபீஸு தொறந்தாங்க சார். கேபிள் வேலை, பெர்மனென்ட்டு. போய்க் கேட்டேன். முசேகிட்ட விசாரிச்சிருக்காங்க. அவரு பாவம், நோட்டப் பாத்து உள்ளத உள்ளபடி படிச்சிட்டாரு." சிரித்தார். "எனக்குத்தான் படிக்க வராது. ஊருல எல்லாருக்கும் வருது."

நான் போனது மன்னிப்பு வாங்கிக்கொண்டு லேசாக வீடு திரும்ப. அவர் அதைக் கொடுக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை மூன்று மணி. மெயின் ஏறியது, முப்பதும் எழுந்தன. முசேயை மாடிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஹாலின் நடுவில், போன மாதம் பாடம் நடத்திய அதே இடத்தில் நின்று சொன்னேன். "ஏழுமலை போட்ட கேபிள்ல ஒரு குறையும் இல்ல. படிக்குக் கீழ நான் ஒரு மெஷினை வச்சு மறந்துட்டேன். அதுதான் பழுது. அவர் சொன்னது அத்தனையும் சரி. அது எனக்கு மூணு வாரமாத் தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மாடிப்படி ஏறும்போதுகூட நினைத்தேன். விட்டிருந்தால் மறதிக்காரன் என்ற பெயரோடு போயிருக்கும்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், உண்மையிலேயே சந்தேகம் கேட்பதுபோல்: "அப்ப வெயில்ல தடை ஏறுறது, சார்?"

"ஏறும்மா. இவ்வளவு ஏறாது."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முசே சிரிக்கவில்லை. "நான் உங்ககிட்ட என்ன மாறுச்சுன்னு கேட்டேன்" என்றார். "ஆமா முசே." "யாரு மாத்துனதுன்னும் கேட்டிருக்கணும். அது என் தப்பு." பராமரிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். "அழிச்சிடுங்க."

பேனாவை எடுத்தேன். ஏழுமலையின் பெயர் மேல் கறுப்பு மையால் அழுத்தி அழுத்திக் கிறுக்க ஆரம்பித்தேன். கண்ணில் படக் கூடாது என்று எனக்கு அவ்வளவு அவசரம். மதாம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க தம்பி. ப்ரூஃப் பாக்குற எடத்துல உக்காந்துகிட்டு இப்படியா திருத்துவாங்க? அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியணும். தப்பையே மறைச்சிட்டா அப்புறம் எதுக்குத் திருத்தம்?"

தன் சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். 'ஏழுமலை செய்த கேபிள் வேலை' என்பதன் மேல் மெல்லிசாக ஒரே கோடு. ஓரத்தில் நீக்கல் குறி. அதன் பக்கத்தில் சரியான பாடம்: 'நான் விட்டுவைத்த கணினி.' கீழே முழுக் கையெழுத்து. சுருக்கொப்பம் போடப் போனபோது, "முழுசா" என்றார். 'காரணம்' என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. முப்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். மதாம் தூரத்தில் வைத்து ஒரு தடவை படித்துவிட்டு, தன் முதலெழுத்தைப் போட்டார். அவர் பார்த்து முடித்த பக்கத்துக்கு அதுதான் அடையாளம்.

முசே மூலக்குளம் அலுவலகத்துக்கு அன்றே போன் செய்தார். அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அந்த இழப்பை என்னால் ஈடுகட்ட முடியவில்லை. இன்றுவரை அது என் பேரில்தான் இருக்கிறது. பிறகு முசே தன் காரில் நோணாங்குப்பம் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து ஏழுமலை திரும்பி வந்தார், இந்த முறை நிரந்தர வேலையாக. ஞாயிற்றுக்கிழமை படகு வேலையை விட மாட்டேன் என்று ஒரு நிபந்தனை. காற்று நல்லா இருக்குதாம்.

வந்த அன்று முதல் வேலையாக அலமாரியைத் திறந்தார். பழைய கணினியைத் துடைத்து, ஒரு காகிதத்துண்டில் அறுபத்தொன்று என்று எழுதினார். கீழே என் பெயரையும் எழுதி டேப் ஒட்டினார். மற்ற கம்பெனி உருவிப் போட்ட தன் கேபிள்களை ஒரு கோணியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றுகூடப் பழுதில்லை. கீழ்த் தளத்துக்கு அவற்றையே போட்டோம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதிகம் இல்லை. என்ன மாறியது என்று யாராவது கேட்டால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். பழுது எத்தனை மணிக்கு வருகிறதோ அத்தனை மணிக்கு அங்கே நில்லுங்கள், தூக்கம் போனாலும். திரையில் இருக்கிற எண்ணை நீங்களே படியுங்கள். இவை தொழில். தவறிவிட்டால் கற்றுக்கொள்ளலாம். யார் முன்னால் ஒருவர் மேல் பழி போட்டீர்களோ அவர்கள் முன்னாலேயே அதை எடுங்கள் என்பது தொழில் இல்லை. அதற்கு மாற்று வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, மூன்று வாரம் தேடிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஏழுமலையும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். சிநேகிதர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன், முன்வரிசையில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். நல்ல வருடங்கள். நான் ஓய்வு பெற்றதும் ஒரு வைகாசியில்தான். கடைசி நாள் மத்தியானம், பழக்கப்படி மூன்று மணிக்கு மாடி ஹாலில் நின்றேன். வெளியே அனல். வாட்ச்மேன் மெயினை ஏற்றினார். ஏணி மேல் இருந்த ஏழுமலை, ஒவ்வொரு கோடையிலும் ஒரு தடவையாவது கேட்பதை அன்றும் கேட்டார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குதே சார். கேபிள் தாங்குமா?"

முப்பது திரைகளும் எழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாங்கும்" என்றேன்.